பனிக்கிடங்கில் ஒரு வானம்

நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகள். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அத்தனையையும் அம்மாவின் அலுமினியக் கிண்ணத்தில் ஊசியும் சின்னச் சுத்தியலும் வைத்து நானே குத்தினேன். அது அம்மா ரொட்டிக்கு மாவு பிசைகிற கிண்ணம்.

"ஏண்டி தர்லான், இனிமே இதுல என்னத்தப் பிசையறது?" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அதுக்குள்ள வானம் இருக்கும்மா."

"வானத்த வச்சு ரொட்டி சுட முடியுமா?"

உண்மையில் அது இரண்டாவது கிண்ணம். முதல் கிண்ணத்தில் நட்சத்திர வரைபடத்தை எழுத்து வெளியே தெரியும்படி ஒட்டிக் குத்திவிட்டேன். உள்ளே விளக்கு வைத்து ஏற்றிப் பார்த்தால் எல்லாம் இடம் வலமாகத் திரும்பி விழுந்தது, பெரிய கரடி என்கிற ஏழு நட்சத்திரக் கூட்டமும்கூட. "உன் பெரிய கரடி கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போகுதுடி!" என்று என் தோழி மஹ்தா தரையில் உருண்டு சிரித்தாள். அதனால்தான் இன்னொரு கிண்ணம். இந்த முறை வரைபடத்தைக் கவிழ்த்து ஒட்டினேன். அம்மாவிடம் சொல்லிவிட்டு எடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊர் எல்லையில் ஒரு பழைய பனிக்கிடங்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் குளிர்காலத்துப் பனிக்கட்டியைக் கோடைவரை அதில் போட்டு வைப்பார்களாம். மண்ணால் கட்டிய பெரிய குவிமாடம் அது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நடுப்பகலிலும் கும்மிருட்டாக இருக்கும். எங்கள் பள்ளி வானியல் குழுப் பெண்கள் சேர்ந்து உட்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம். வளைந்த பெரிய வெள்ளைத் திரை தயார். கிண்ணத்தைக் கவிழ்த்து, உள்ளே பேட்டரியில் எரியும் சின்ன பல்பை வைத்தால், ஓட்டை வழியே வெளிச்சம் போய்க் குவிமாடத்தில் நட்சத்திரமாக ஒட்டிக்கொள்ளும். நகராட்சியிடமிருந்து ஃபரோகி டீச்சர் சாவியை வாங்கி வைத்திருந்தார். சனிக்கிழமை காலை அதைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

இவ்வளவும் லாலேவுக்காகத்தான்.

லாலே என் பெஞ்சுக்காரி. பொழுது சாய்ந்துவிட்டால் அவளுக்குக் கண் தெரியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அது போதாதென்று, பகலில் தெரிகிற வட்டமும் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வருகிறது. "கதவிடுக்கு வழியா எட்டிப் பாக்கற மாதிரி இருக்குடி" என்பாள். இதற்கு இப்போதைக்கு மருந்து இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நட்சத்திரங்களை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

குளிர்காலத்தில் ஒருநாள் என்னிடம் கேட்டாள். "சர்க்கரையக் கொட்டின மாதிரி இருக்கும்னு எல்லாரும் சொல்றீங்களே, நெஜமாவா?"

"நான் உனக்குக் காட்டறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். யோசிக்காமல் வாயைத் திறப்பது எனக்குப் பழக்கம்.

புதன்கிழமை பள்ளியே பனிக்கிடங்குக்கு வந்தது. விளக்கை ஏற்றியதும் எல்லாரும் "ஆ!" என்றார்கள். கைதட்டினார்கள். ஃபரோகி டீச்சர் என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாரும் போன பிறகு லாலேவை மட்டும் கைபிடித்து உள்ளே கூட்டிவந்தேன். அவளுக்கென்று தனிக்காட்சி. கம்பளத்தில் அவளை மல்லாந்து படுக்கச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து சுவிட்சைத் தட்டினேன். 'டக்' என்றது.

விளக்கு எரியவில்லை. பேட்டரிக் கம்பி கழன்றிருந்தது. இருட்டில் கம்பியைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தேன்.

அப்போது லாலேவின் குரல் கேட்டது.

"அடேயப்பா! எவ்ளோ அழகு! தர்லான், உன் கை வலிக்காம இருக்கணும். கண்ண எடுக்கவே முடியலடி!"

என் கை அப்படியே நின்றுவிட்டது. மேலே ஒன்றுமே இல்லை. ஒரே இருட்டு.

மெதுவாகக் கம்பியை மாட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரங்களும் எரிந்தன. லாலே அசையவில்லை. எரிந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

"போதும்டி, உனக்கு எவ்ளோ சிரமம்" என்றாள் உபசாரமாக. எங்கள் ஊரில் விருந்தாளி கசந்த தேநீரைக் குடித்துவிட்டும் இப்படித்தான் சொல்வார்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊரில் வார விடுமுறை வியாழனும் வெள்ளியும். வியாழன் காலையிலேயே ஆரம்பித்தேன். அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிவைத்திருந்த பெரிய பல்பைக் கிண்ணத்துக்குள் வைத்துப் பார்த்தேன். கிண்ணம் சூடேறி, ஒட்டியிருந்த பசை புகைந்தது. அம்மா வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்.

பிறகு ஆணியால் ஓட்டைகளைப் பெரிதாக்கினேன். வெளிச்சம் பெரிதாகத்தான் விழுந்தது. ஆனால் நட்சத்திரமாக இல்லை. சுவரெல்லாம் பால் கொட்டியதுபோல் ஒரே வெள்ளைத் திட்டாக இருந்தது. இரண்டு கிண்ணங்களும் பாழாயின. மூன்று மாத வேலை ஒரே காலையில் போய்விட்டது.

சாமான் அறையில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நன்றாக அழுதேன். அவள் பார்வை சுருங்கிக்கொண்டே போகிறது, சாவி சனிக்கிழமை போகிறது, நானோ ஒரு உதவாக்கரை. உள்ளே வந்த அம்மா, "வெங்காயமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை.

மாலையில் ரொட்டிக்கடைக்குப் போனேன். வழியில் லாலே சேர்ந்துகொண்டாள். வரிசை நீளம். எங்கள் முறை வருவதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. வழக்கம்போல என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் விளக்கை எரியவிட்டபடி வந்து நின்றது. லாலே முகத்தைச் சுளித்தாள்.

"யோவ் அண்ணே, லைட்ட அணைங்க! கண்ணு கூசுது!"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். "உனக்கு அது தெரியுதா?"

"தெரியாம என்ன? சூரியன் மாதிரி அடிக்கறான்."

"அப்போ நேத்திக்கு நான் காட்டினது?"

லாலே என் முழங்கையை விட்டுவிட்டாள்.

"உனக்குத் தெரிஞ்சு போச்சா?" என்றாள்.

"லைட்டு எரியவே இல்லடி. அப்பவே நீ அழகுன்னு சொன்ன."

"மூணு மாசமா குத்தின கைடி அது. விரல்ல எத்தன காயம்னு நான் தொட்டுப் பாத்திருக்கேன். ஒண்ணும் தெரியலன்னு எப்படிச் சொல்றது?"

வரிசையில் நின்றபடியே இரண்டு பேரும் அழுதோம். ரொட்டிக்காரர் பயந்துபோய் ஒரு ரொட்டி கூடுதலாகக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தும் அந்த மோட்டார் சைக்கிள் விளக்கு என் மனதைவிட்டுப் போகவில்லை. ஒரு சின்ன பல்பின் வெளிச்சத்தை நானூறு நட்சத்திரத்துக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் என்ன கிடைக்கும்? ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு விளக்கு கொடுத்தால்?

டார்ச்சை எடுத்துச் சுவரில் அடித்தேன். பெரிய வட்டமாக விழுந்தது. கறுப்பு அட்டையில் சின்ன ஓட்டை போட்டு டார்ச்சின் முகத்தில் வைத்தேன். அப்போதும் கலங்கலாகத்தான் இருந்தது. பள்ளியில் மெழுகுவர்த்திச் சுடரை லென்ஸ் வைத்துச் சுவரில் விழச் செய்தோமே, அது நினைவுக்கு வந்தது. ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தேன். ஒரு முனையில் அட்டையும் டார்ச்சும். மறுமுனையில் அப்பாவின் பூதக்கண்ணாடி. கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தினேன். சட்டென்று சுவரில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு பளீர்ப் பொட்டு விழுந்தது.

உடனே மஹ்தா வீட்டுக்கு ஓடினேன்.

"டார்ச்சு, பூதக்கண்ணாடி, குழாய். எல்லாத்துலயும் ஏழு வேணும்."

"எதுக்குடி? கரடி திரும்பி வருதா?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். வீடு வீடாகப் போனோம். அன்று இரவு எங்கள் தெருவில் எந்தத் தாத்தாவும் செய்தித்தாள் படித்திருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலை பனிக்கிடங்கில் ஆறு பெண்கள் வட்டமாக நின்றார்கள். ஏழாவது குழாயை ஃபரோகி டீச்சர் பிடித்துக்கொண்டார். கரடியின் ஏழு நட்சத்திரங்களையும் அதனதன் இடத்தில் நிறுத்துவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. "டீச்சர், கொஞ்சம் இடதுபக்கம்! மஹ்தா, ஆடாதடி!"

பிறகு எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு, லாலேவைக் கூட்டிவந்து கம்பளத்தில் படுக்கவைத்தேன்.

"இன்னிக்கு உபசாரம் கெடையாது. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். சத்தியம்?"

"சத்தியம்" என்றாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"போடுங்க!"

ஏழும் எரிந்தன. லாலே பேசவில்லை. இதுவும் போச்சு என்று நினைத்தேன். இதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

இருட்டில் யாரோ தும்மினார்கள். மேலே ஒரு நட்சத்திரம் துள்ளிக் குதித்தது.

"அது... ஓடுது" என்றாள் லாலே மெதுவாக.

அவள் தலை நகர்ந்தது. அவளுக்கு ஏழும் ஒரே சமயத்தில் தெரியாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தேடித் தேடித்தான் போக வேண்டும். நான் அவள் விரலைப் பிடித்து மேலே காட்டினேன். "இது மொதல். இங்கேந்து கீழ வா. இது ரெண்டு." அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

நான்காவதில் அவள் விரல் நின்றது.

"ஏண்டி, இது மட்டும் ஏன் இவ்ளோ மங்கலா இருக்கு? யாரு புடிச்சிருக்கறது?"

இருட்டிலிருந்து மஹ்தா சீறினாள். "நாந்தான்! நெஜ வானத்துலயும் அது மங்கல்தாண்டி, போய்ப் படத்தப் பாரு!"

"நெஜ வானத்த நீங்க வச்சுக்கோங்க. இது என் வானம். பேட்டரிய மாத்து!"

மஹ்தா முணுமுணுத்துக்கொண்டே பேட்டரியை மாற்றினாள்.