மாலக்கி வீட்டில் பூசை

"ப்ரான்! இன்னிக்கு நம்ம வீட்டுல பூசைன்னு இந்த வீட்டுல யாருக்காவது ஞாபகம் இருக்கான்னு கேளு! விடிஞ்சு மணி ஏழாகுது. சன்னல்ல மெழுகுவத்திகூட வைக்கல!"

ப்ரான் என்பது நாய். மாலக்கி கிழவர் பேசியது நாயிடம். ஆனால் சொன்னது மருமகள் நூலாவுக்கு. மூன்று வருஷமாக அவர் அவளோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. டீ ஆறிப்போனாலும் நாயிடம்தான் புகார், சட்டைப் பொத்தான் அறுந்தாலும் நாயிடம்தான் புகார்.

"மெழுகுவத்தி மேஜைமேல இருக்கு மாமா. பூசைத் துணி விரிச்சதும் சன்னல்ல வைக்கிறேன்" என்றாள் நூலா, ரொட்டி மாவிலிருந்து கையை எடுக்காமல்.

"கேட்டியா ப்ரான்? எல்லாத்துக்கும் பதில் மட்டும் ரெடியா இருக்கு!"

நூலா மாவை இன்னும் அழுத்திப் பிசைந்தாள். அந்தக் கெர்ரி மாவட்டக் கடற்கரையோரத்தில், ஃபாதர் வீட்டுக்கே வந்து வைக்கும் பூசை முறை வைத்து வரும். ஒரு வீட்டுக்கு வந்தால் மறுபடி வரப் பத்து வருஷம் ஆகும். ஒரு மாதமாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கதவுக்குச் சிவப்புப் பெயின்ட் பூசி, பக்கத்து வீடுகளில் நாற்காலி இரவல் வாங்கி... எல்லாம் அவள்தான், டிப்பரரி மாவட்டத்திலிருந்து வாழ வந்து, இந்தக் கரையோரத்துப் பாஷையைக் கேட்டே கற்றுக்கொண்டவள். கணவன் கார்மக் நல்லவன். ஆனால் அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் வாய் திறக்கத் தெரியாதவன். மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று நழுவிவிடுவான்.

மாடிப்படியில் காலடி கேட்டது. டெர்வ்லா! கார்மக்கின் தங்கை. கனடாவிலிருந்து நேற்றுத்தான் கணவனோடு வந்திருந்தாள். வந்து நூலாவின் முழங்கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்தாள்.

"அண்ணி... அப்பா உங்ககூட நேராப் பேசறதே இல்லையா? நாய்கிட்டப் பேசி உங்களைத் திட்டறாரு... இதையா மூணு வருஷமாத் தாங்கிக்கிட்டீங்க?"

"விடு டெர்வ்லா. எனக்குப் பழகிப்போச்சு."

"எனக்குப் பழகலையே! நான் இன்னிக்கே சொல்லப்போறேன்..."

"சொல்லாதே!" நூலா அவள் வாயைப் பொத்தினாள். மாவு டெர்வ்லாவின் கன்னமெல்லாம் ஒட்டிக்கொண்டது. "மூணு வருஷம் கழிச்சு மகள் வந்திருக்கான்னு நேத்து ராத்திரி சட்டையை அவரே இஸ்திரி போட்டாரு தெரியுமா? அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்காதே."

டெர்வ்லாவின் கண்ணில் நீர் முட்டியது.

மூன்று வருஷத்துக்கு முன், டெர்வ்லா கனடா புறப்பட்ட நாளில்தான் அது நடந்தது. மாலக்கி அந்த வட்டாரத்துக் கவிஞர். கல்யாணமோ கருமாதியோ, அவர் எழுந்து நாலு வரி சொல்லாமல் எதுவும் முடியாது. வாழ்த்தினால் தேன், கேலி செய்தால் ஏழு ஊர் சிரிக்கும். நாற்பது வருஷக் கவிதைகளும் ஒரே ஒரு நோட்டில் இருந்தன. ஊருக்குப் போகிற மகள் அப்பாவின் நினைவாக அந்த நோட்டைப் பிரித்தாள். பிரித்த பக்கத்தில் அவள் கணவனையே கேலி செய்து ஒரு பாட்டு! கார்க் மாவட்டத்துக்காரனைக் கட்டிக்கொண்டதில் அப்பாவுக்கு வருத்தம் என்று அவளுக்குத் தெரியும். கால்பந்தில் கெர்ரிக்கும் கார்க்குக்கும் பரம்பரைப் பகை அல்லவா! ஆனால் இப்படியா? ஆத்திரத்தில் நோட்டை இரும்பு அடுப்புக்குள் எறிந்துவிட்டாள்.

நூலா ஓடிவந்து நெருப்புக்குள் கையை விட்டு இழுத்தாள். விரல் வெந்ததுதான் மிச்சம். கருகிய அட்டை மட்டும் கையோடு வந்தது. அந்த நேரம் பார்த்து மாலக்கி உள்ளே வந்தார். இதயத்தில் ஆபரேஷன் முடிந்து அப்போது இருபது நாள்தான் ஆகியிருந்தது. பெற்ற மகளே எரித்தாள் என்று தெரிந்தால்...

"நான்தான் மாமா" என்றாள் நூலா. "பழைய பேப்பர்னு நினைச்சு..."

மாலக்கி சத்தம் போடவில்லை. "டிப்பரரிக்காரிக்கு எங்க பாஷையே நேத்துத்தான் தெரியும். பாட்டோட அருமை எங்கே தெரியப்போகுது?" என்றார். அதுதான் அவர் அவளிடம் நேராகச் சொன்ன கடைசி வார்த்தை. டெர்வ்லா அழுதுகொண்டே காரில் ஏறினாள். அதன்பின் போனில் அப்பாவைப் பற்றி நூலாவைப் பேசவே விடவில்லை.

பத்து மணிக்கு வீடு நிறைந்தது. ஃபாதர் சமையலறை மேஜையையே பீடமாக்கிப் பூசை வைத்தார். முடிந்ததும் துணியை மடித்துவிட்டு அதே மேஜையில் சாப்பாடு. சாஸேஜ், பன்றி வறுவல், சோடா ரொட்டி, ஆவி பறக்கும் டீ... பெரியவர்களுக்கு ஒரு சொட்டு விஸ்கி. ஃபாதரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவர் ஃபிடில் எடுத்தார். இரண்டு பெண்கள் இரவல் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடினார்கள். டெர்வ்லாவின் கணவன் ஃபின்பாரும் ஆடினான், மோசமாக ஆடினான், ஆனால் சந்தோஷமாக ஆடினான்.

பக்கத்துப் பண்ணை பாட்ஸி கைதட்டினார். "மாலக்கி! பத்து வருஷத்துக்கு ஒருதரம் வர்ற பூசை. ஒரு பாட்டுச் சொல்லுய்யா!"

மாலக்கியின் முகம் இருண்டது. "என் பாட்டெல்லாம் புகைபோக்கி வழியா மேலே போயிடுச்சு பாட்ஸி. வயசான மண்டையில ஒண்ணும் நிக்கல. யாரால போச்சுன்னு... நல்ல நாள்ல அது எதுக்கு?"

எல்லோர் கண்களும் நூலா பக்கம் திரும்பின. அவள் டீ கெட்டிலோடு அப்படியே நின்றாள்.

"என்னாலதான்ப்பா!"

டெர்வ்லா எழுந்து நின்றாள். நூலா தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். டெர்வ்லா பார்க்கவில்லை.

"நான்தான் எரிச்சேன்! அண்ணி கையை நெருப்புல விட்டு எடுக்கப் பாத்தாங்க. உங்க உடம்பு தாங்காதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாங்க... நான் கோழை மாதிரி ஓடிட்டேன்..."

மாலக்கி மெல்ல நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா... என்ன செஞ்சேன் நான் உனக்கு?"

"இவரைக் கேலி பண்ணி எழுதினீங்களே! காது கப்பல் பாய் மாதிரி இருக்குன்னு! காத்தடிச்சா பறந்துருவான்னு! உங்களுக்கு இவரைப் பிடிக்கலைன்னா என் முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமே..."

ஃபின்பாரின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"அந்தப் பாட்டா?" மாலக்கி திகைத்தார். "அடிப் பைத்தியமே... பக்கத்தைத் திருப்பினியா?"

"திருப்பலை..."

"மீதிப் பாட்டு மறுபக்கம் இருந்துச்சேடி! உன் கல்யாணத்தன்னிக்குக் காலையில எழுதினேன். சொல்ல எழுந்தா தொண்டை அடைச்சுக்கிச்சு, உட்காந்துட்டேன்... இப்ப என்ன எழுதினேன்னுகூட..." அவர் நெற்றியைத் தேய்த்தார். வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

நூலா கெட்டிலைக் கீழே வைத்தாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். பிறகு, அவர்கள் பாஷையில், அவர் சொல்லும் அதே நடையில் தொடங்கினாள்.

"கார்க்கிலிருந்து மாப்பிள்ளை வந்தான், காது ரெண்டும் கப்பல் பாய்;
கதவைத் திறந்து வைக்காதீர்கள், காற்றடித்தால் பறந்திடுவான்!

பறந்து போகும் பாதையெல்லாம் பெண்ணையும் கூட்டிப் போகட்டும்;
பிறந்த நாள்முதல் நான் கேட்ட சிரிப்பை இனி அவன் கேட்கட்டும்.
எத்தனை பெரிய காதென்றாலும் என் மகள் சிரிப்பு அடங்காது;
இத்தனை நாளும் கேட்ட எனக்கோ இனி அதுவின்றி விடியாது."

டெர்வ்லா "அப்பா!" என்று ஓடிப்போய் அவர் மார்பில் விழுந்தாள். அப்பாவும் மகளும் மாறி மாறி அழுதார்கள். ஃபின்பார் மூக்கைச் சிந்திக்கொண்டே, "கார்க்கைப் பத்தி இவ்வளவு நல்லதா ஒரு கெர்ரிக்காரர் எழுதினதே இல்லை" என்றான். கூரை அதிரச் சிரித்தது கூட்டம்.

மாலக்கி மகளை விலக்கிவிட்டு எழுந்தார். நூலாவின் முன்னால் வந்து நின்றார்.

"நூலா... உனக்கு எப்படித் தெரியும்?"

தன் பெயரை அவர் வாயால் கேட்டு அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. "நீங்க சமையலறையில நடந்துக்கிட்டே சத்தம் போட்டுத்தானே மாமா எழுதுவீங்க? வரி சரியா வர்றவரைக்கும் இருபது தரம் சொல்வீங்க. பழைய பாட்டையும் விடமாட்டீங்க. நான் இங்கேதானே பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தேன்..."

"எல்லாமா தெரியும்?"

"முக்கால்வாசி."

"பாவி... மூணு வருஷம் சொல்லாம இருந்தியே!"

"நீங்க எங்கே கேட்டீங்க?" அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "டிப்பரரிக்காரிக்கு என்ன தெரியும்னு சொல்லிட்டீங்க... நானும் ரோஷக்காரிதான் மாமா!"

கிழவர் தலை குனிந்தார். அவள் வலது கையை எடுத்து, தழும்பேறிய விரல்களைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தப்புப் பண்ணிட்டேம்மா... என்னை மன்னிச்சுடு." வாசலில் நின்ற கார்மக் முதன்முறையாக வாயைத் திறந்தான்: "நானும்தான் நூலா." நூலா அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று பிற்பகல், விருந்தாளிகள் போனபிறகு, மேஜையில் புது நோட்டு ஒன்று திறந்தது. எரித்தவளே எழுத வேண்டும் என்பது தீர்ப்பு. ஃபின்பார் பாத்திரம் தேய்த்தான். நூலா கால் நீட்டி உட்கார்ந்து சொன்னாள், டெர்வ்லா எழுதினாள், மாலக்கி குறுக்கே குறுக்கே சண்டை போட்டார்.

ஏழாவது பாட்டில் அவர் கையை உயர்த்தினார். "நில்லு! அந்த வரியை இன்னொரு தரம் சொல்லு."

நூலா சொன்னாள். அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"ரொம்ப நல்லாயிருக்கே... இது நான் எழுதினதா?"

நூலாவின் முகம் சிவந்தது. "அது... அந்த ஒரு வரி மட்டும் எனக்கு எப்பவும் கொஞ்சம் இடிக்கும் மாமா. பாத்திரம் தேய்க்கும்போது நானா... கொஞ்சம் மாத்திட்டேன்."

டெர்வ்லாவின் பேனா அந்தரத்தில் நின்றது. ஃபின்பார் குழாயை மூடினான். மாலக்கி அந்த வரியை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இரண்டாம் முறை மேஜையில் விரலால் தாளம் போட்டுச் சொல்லிப் பார்த்தார்.

"எழுதுடி டெர்வ்லா" என்றார். "அவ சொன்னபடியே எழுது. எழுதிட்டுக் கீழே என் பேருக்குப் பக்கத்துல அவ பேரையும் போடு!"