நாய் கொண்டு வந்த கை

சாத்தூர் கடைத்தெருவில் ஒரு நாய் ஓடி வந்தது.

அதன் வாயில் ஒரு கை இருந்தது.

மனிதக் கை... முழங்கைக்குக் கீழே சீராக அறுபட்ட வலது கை! பூக்காரி போட்ட அலறலில் வெற்றிலைக் கடைக்காரர் பாக்கை முழுசாக விழுங்கிவிட்டார். நாய் மிரண்டு, கையைப் போட்டுவிட்டு ஓடியது.

கையில் விரல்கள் இல்லை. முன்கையில் பச்சை குத்தியிருந்தது.

ராமுத்தாய்.

அவளைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவள், என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்து, தன் பெயரைத் தானே பார்த்தாள்.

"எம் புருசன் கை..." என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

1957 சித்திரை. ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் மெட்ராசில் படித்தவர். அறிவு உண்டு, பொறுமை கிடையாது. விரல்களை ஏன் வெட்டினான்? ரேகை தெரியக் கூடாது என்று! எலும்பை எதால் அறுத்தான்? ரம்பத்தால்! ஆகவே கொலை. அத்தனை கெட்டிக்காரக் கொலைகாரன், பச்சை குத்திய பெயரை மட்டும் ஏன் விட்டுவைத்தான் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கையை ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். பதில் வருவதாகக் காணோம்.

அதற்குள் அக்கம்பக்கத்தார் வாயைத் திறந்தார்கள்.

ராமுத்தாயின் புருசன் பெத்தணன், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். பங்குனிக் கடைசியில் ஒருநாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அன்றைக்கு அந்த ஆள் வேலைக்கே வரவில்லை என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். ஆனால் தெருவில் கேட்டவர்களிடம், புருசனுக்கு மதுரை மில்லில் வேலை கிடைத்திருப்பதாக ராமுத்தாய் சொல்லியிருந்தாள். ஏன் பொய் சொன்னாள்?

காணாமல் போனதற்கு முந்தின நாள் புருசன் அவளை அறைந்திருந்தான். அவள் பதிலுக்குச் சத்தம் போட்டது தெருக்கோடி வரை கேட்டது.

"இன்னொரு மட்டம் கை நீட்டுனா, அந்தக் கையை வெட்டிப் போட்டுருவேன்!"

இது போதாதா?

கோபித்துக்கொண்டு போய்விட்டான், வந்துவிடுவான் என்று நினைத்ததாகவும், வெட்கத்தில் மில் என்று சொல்லி வைத்ததாகவும் அவள் அழுதாள். சப் இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. சப் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்.

கம்பிக்குள் போவதற்கு முன்பே தாலியைக் கழற்றிவிட்டாள். கழற்றும்போது பக்கத்தில் இருந்து அழ ஒரு பெண் இல்லை. அதன் பிறகும் அவளைப் பார்க்க யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வரவில்லை, கூட வேலை பார்த்தவள் வரவில்லை. தூக்குக் கயிறுகூட அவளுக்கு அவ்வளவு பயமாக இல்லை. தன்னை நினைக்க ஊரில் ஒரு ஆள் இல்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒரே ஒருவர் நினைத்தார். ஏட்டு நாகையா.

பெண்டாட்டி செத்துப் போன பிறகு அவருக்குச் சாப்பாடெல்லாம் கிளப்புக் கடையில்தான். எதிரே உட்கார்ந்து பேச ஆள் கிடையாது. தினமும் கடைசி இட்லியைப் பிட்டுப் போட, வாசலில் ஒரு செவலை நாய் காத்திருக்கும். கையைக் கவ்வி வந்தது அந்த நாய்தான். பல நாளாக அது இட்லிக்கு வரவில்லை. ஒரு நாள் அவரே இட்லியை எடுத்துக்கொண்டு தேடிப் போய் வைத்தார். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பசி இல்லாத தெருநாயா...?

வேறு எங்கேயோ சாப்பிடுகிறது!

நாகையா சைக்கிளை உருட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போனார். ஊரைத் தாண்டி, கரிசல் காட்டைத் தாண்டி, ஒரு தனியார் தர்ம ஆஸ்பத்திரியின் பின்பக்கம் போய் நின்றது நாய். அங்கே தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்புக்குள் முகத்தை நுழைத்து, ரத்தக் கறையோடு ஒரு கட்டுத் துணியை இழுத்தது.

நாகையா அதைக் குச்சியால் எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரித் தோட்டி கருப்பணன் நடந்ததைச் சொல்லிவிட்டான். பக்கத்தில் மருந்தும் குச்சியுமாகத் தீப்பெட்டி ஆபீஸ் இருப்பதால் ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி மூட வேண்டும். ஆனால் முட்டளவிலேயே சுக்கான் பாறை தட்டிவிட்டது. சுண்ணாம்பு மூட்டையோ, புது வார்டுத் திறப்பு விழாவுக்கு முன்சுவரில் வெள்ளையடிக்கப் போய்விட்டது. மூடும்போது மண் ஈரமாக இருந்தது. வெயில் ஏறியதும் கரிசல் பிளந்து வாயைத் திறந்துவிட்டது.

ஆஸ்பத்திரி டாக்டர் சொர்ணலட்சுமி, அப்படி ஒரு கையே தெரியாது என்று முதலில் மறுத்தார். நாகையா கட்டுத் துணியை மேஜை மேல் போட்டார்.

"வெடி விபத்து. விரலெல்லாம் அதுலயே போயிருச்சு. மிச்சத்தை நான்தான் ரம்பம் வச்சு எடுத்தேன்" என்றார் டாக்டர். "வந்தவர் செல்லச்சாமின்னு பேர் சொன்னார். கல்யாணம் ஆகலைன்னார்."

"கையில இருந்த பேரு?"

"தங்கச்சின்னு சொன்னார்."

நாகையா கட்டுத் துணியை மறுபடி சுற்றி எடுத்துக்கொண்டார்.

"கொலைன்னு ஊரே பேசுச்சே... ஒங்க காதுல விழலையா டாக்டரம்மா?"

"விழுந்தது. எங்க குழின்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரியை மூடிருவாங்கன்னு பயந்துட்டேன்."

"அவளைத் தூக்குல போட்டிருந்தா?"

டாக்டர் பதிவேட்டைப் பிரித்து, செல்லச்சாமி கொடுத்திருந்த கோவில்பட்டி விலாசத்தைக் காட்டினார்.

கோவில்பட்டி டூரிங் சினிமாக் கொட்டகை வாசலில், டிக்கெட்டைப் பல்லில் கடித்து இடது கையால் கிழித்துக்கொண்டிருந்த பெத்தணனைப் பிடிக்க நாகையாவுக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை. கம்பெனிக்கு லைசென்ஸ் கிடையாது. ஆஸ்பத்திரியில் பொய்ப் பெயர் சொல்லச் சொன்னதே கம்பெனிக்காரர்கள்தான். அடித்த கையே போன பிறகு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று இங்கேயே தங்கிவிட்டதாகப் பெத்தணன் அழுதான்.

மறுநாள் காலையில் நாகையா சப் ஜெயில் கம்பிக்கு முன்னால் நின்றார்.

"தாயி, ஒம் புருசன் உசிரோட இருக்கான். நாளைக்குக் கோர்ட்டுல ஒன்னிய விட்ருவாக."

ராமுத்தாயின் கை கழுத்தைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. முகம் மட்டும் மலர்ந்தது... ஒரே ஒரு கணம். பிறகு கேட்டாள்.

"நான் இங்கன கெடக்கது அவருக்குத் தெரியுமா ஏட்டையா?"

பொய் சொல்லலாமா என்று நாகையா யோசித்தார். அவருக்கு அது வராது.

"தெரியுமாம். கொட்டகையில எவனோ பேப்பரைச் சத்தமா வாசிச்சானாம். வர பயமா இருந்துச்சாம்."

அழுவாள் என்று நாகையா எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கொலைக் கேசை அதுக்குள்ள மூடிராதீக ஏட்டையா... அந்த ஆளு மொதல்ல வீட்டுக்கு வரட்டும்."