டாக்டர் பையில் பதினொரு படிவங்கள்

மதியம் 12.10. மேற்கு வர்ஜினியாவின் ஒரு நிலக்கரி ஊர். தீயணைப்புக் கூடத்தில் மருத்துவக் காப்பீட்டு விற்பனைக் கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. சோதனைக்கு வந்த அதிகாரி டாக்டர் வோயல்ஸின் துணிப்பையைத் திறந்தபோது, கையெழுத்தான பதினொரு சேர்க்கைப் படிவங்கள் வந்து விழுந்தன.

எல்லாக் கம்பெனிகளின் விளக்கத்தாள்களையும் டாக்டர் மேசையில் பரப்பி வைக்கலாம். எதில் சேரணும் என்று சொல்லவோ, சேர்க்கைப் படிவத்தை வாங்கவோ மட்டும் கூடாது. வாங்கினால் கம்பெனிகளோடு அவருக்கு இருக்கும் ஒப்பந்தம் போகும். நுரையீரலில் கரித்தூள் ஏறிய கிழவர்களுக்கு அந்த ஊரில் இருக்கும் ஒரே மருத்துவமனையான அவருடையதும் மூடப்படும்.

அந்த மாநில அதிகாரி நெல்டா, சுரங்கத் தொழிலாளியின் மகள். அவள் கண்ணுக்குத் தப்பியது குறைவு.

"எப்ப வாங்கினாரு?"

"பத்து மணிக்கு, தொடங்கினதுமே," என்றான் காப்பீட்டு முகவர் பிரான்ட். "அவரே கொடுத்து, அவரே வாங்கி, பையில போட்டுக்கிட்டாரு மேடம்."

"சாப்பாடு போட்டீங்களா?"

"விற்பனைக் கூட்டத்துல போடக் கூடாதே! வெறும் காப்பிதான்."

"டாக்டர், நீங்க?"

"பத்து இருபதுக்கே கிளம்பிட்டேன். ஒரு நோயாளிக்கு ஆக்சிஜன் கருவி நின்னுபோச்சு. அவசரத்துல பையை இங்கயே விட்டுட்டேன். இப்பத்தான் திரும்பினேன்."

நெல்டா படிவங்களைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் செம்மஞ்சள் கறை. மோந்தாள். அப்பா சுரங்கத்துக்கு எடுத்துப்போன டப்பாவின் வாசம்: கார இறைச்சி வைத்துச் சுட்ட, செவ்வெண்ணெய் கசியும் பெப்பரோனி ரொட்டி. ஓரமாக உட்கார்ந்திருந்த பழைய சுரங்கத் தொழிலாளி ஹோபர்ட்டிடம் போனாள்.

"பெரியவரே, பெப்பரோனி ரொட்டி எப்படி இருந்துச்சு?"

"டாக்டர் போனப்புறம், பதினோரு மணிக்குத்தான் வந்துச்சு தாயி, சுடச்சுட. நாலு தின்னேன். வெளிய சொல்லாதீங்கன்னான் இந்தத் தம்பி. என் வாய் சொன்ன பேச்சைக் கேக்கிற வாயா இருந்தா, பொண்டாட்டிகிட்ட இத்தனை வருஷம் ஏன் திட்டு வாங்கறேன்?"

பிரான்ட் முகம் வெளுத்தது. "கறை... அப்புறமா பட்டிருக்கும் மேடம்."

"இல்ல. எண்ணெய் இருக்கிற இடத்துல பேனா வழுக்கியிருக்கு. கோடு விட்டுவிட்டு ஓடுது, பதினொண்ணுலயும். முதல்ல ரொட்டி, அப்புறம்தான் கையெழுத்து. அந்த நேரத்துல டாக்டர் இங்க இல்லவே இல்ல. சோறு போட்டுக் கையெழுத்து வாங்கினது நீ. என் காரைப் பார்த்ததும் ரொட்டிப் பெட்டியை ஒளிச்சே, எண்ணெய் பட்ட படிவங்களை அவர் பையில திணிச்சே."



படிவங்கள் எதுவும் செல்லாது என்று நெல்டா எழுதினாள். ஹோபர்ட் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நான் எதுலதான் சேர்றது? நீயே சொல்லுய்யா."

இரண்டு நிமிடத்துக்கு முன்புதான் பிழைப்பு தப்பியிருந்த டாக்டர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"எந்தெந்தக் காப்பீட்டுத் திட்டத்தை என் ஆஸ்பத்திரியில ஏத்துக்கிறேன்னு கேளு, சொல்றேன். எதுல சேரணும்னு சொல்ல மாட்டேன்."

நெல்டா பேனாவை வைத்துவிட்டு டாக்டருக்குக் கை கொடுத்தாள்.