மூன்று குரலிருக்கைகள்

கோவையில் ஸ்பீக்கர் கடைக்குப் போகிறவர்கள், பேசிக் காட்ட ஓர் ஆளைச் சொல்லிவைத்துவிட்டுத்தான் போவார்கள். பூங்கோதைக்கு அந்தக் கவலை இல்லை. ஈரோட்டில் இருக்கும் அவள் அண்ணன் சென்னியப்பன் எப்போது கூப்பிட்டாலும் வருவார்.

“வந்துட்டேன் அம்மிணி,” என்று முதல் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து குரல் கேட்டது. “எங்க உக்கார வெச்சிருக்கே?”

“சன்னலோரமாங்கண்ணா. ஏதாச்சும் பேசுங்க.”

வெயிற்சட்டம் வந்த பிறகு பங்குனி முதல் ஆவணி வரை ஊர்விட்டு ஊர் போக முடியாது. நிச்சயமோ கல்யாணமோ, உறவுகள் ஒலியாகத்தான் வந்து அமர்ந்தார்கள். ஒரு பெட்டியில் ஒருவர். அதற்குக் குரலிருக்கை என்று பேர். திரையில் எத்தனை முகம் தெரிந்தாலும், கூடத்தில் குரல் ஒலித்தவர்தான் வந்தவர், மற்றவர் வராதவர்.

மகளின் நிச்சயத்துக்கென்று பூங்கோதை கையில் வைத்திருந்த பணத்துக்கு நல்ல பெட்டி மூன்று வரும். மட்டமானது என்றால் நான்கு. மாப்பிள்ளை, அவன் அப்பா, அம்மா. நான்காவது, பெண்ணுக்குத் தாய்மாமன்.

“இது வேண்டாம் அம்மிணி,” என்று மட்டமான பெட்டியில் கரகரத்தார் அந்தத் தாய்மாமன். “தகரத்துல கல்லு உருட்டுன மாதிரி எங்குரலு எனக்கே திரும்பி வருது. சம்பந்தியை இதுல உக்கார வெச்சா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?”

அடுத்ததில் குரல் கணீரென்று விழுந்தது.

“அட! நானே மந்திரியாட்டம் பேசறனல்ல!”

கடைக்காரர் சிரித்துவிட்டார். பூங்கோதையும் சிரித்தாள்.

“இதையே எடு. அப்புறம், ‘எங்க பொண்ணு இதழினியைத் தர்றோம்’னு நாந்தானே சொல்லோணும்? வீட்டுல சொல்லிச் சொல்லிப் பாக்கறேன், உங்கண்ணி கேலி பண்றா. என்னைய எந்தப் பக்கம் வெப்பே?”

“முன்னாலயேதாங்கண்ணா.”

பொய் தடங்கலே இல்லாமல் வந்தது. அவர் “ஹூம்” என்று திருப்தியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கடைக்காரர் பில் எந்திரத்தை இழுத்தார். “மாப்பிள்ளை, அவங்க அப்பா, அம்மா. நீங்க சொன்ன மூணு பேர்தானுங்களே? பில் போட்டறட்டுங்களா?”

பெட்டியின் பச்சை விளக்கு இன்னும் அணையவில்லை என்பதைப் பூங்கோதை அப்போதுதான் பார்த்தாள். முகத்திலும் காதுகளிலும் சூடு ஏறியது. நல்ல பெட்டி. அண்ணன் எச்சில் விழுங்கியதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

கடைக்காரர் அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்.

“மூணுதானுங்க தம்பி, போட்டுருங்க,” என்றது பெட்டி. “எனக்கு அன்னிக்கு மில்லுல சோலி.”