அடைக்கலராஜ் குடித்த கடைசிச் சூப்

இப்போதெல்லாம் யாரும் பசிக்குச் சாப்பிடுவதில்லை. பத்திரிகையைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். எடமலைப்பட்டி புதூர் அடைக்கலராஜும் அப்படித்தான். ரிட்டயரான டிராயிங் வாத்தியார். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, நெஞ்சுவலி மட்டும் இருந்தது. கற்கால மனிதனுக்கு மாரடைப்பே கிடையாது என்று ஏதோ அமெரிக்கப் பத்திரிகையில் படித்தார். ஆறு மாதமாகக் கறி, மீன், கீரை, கிழங்கு, பழம் என்று அவன் தின்றதையே தின்றார்.

1986 ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை. காலை 6.40. சமையல்காரி மயிலம்மாள் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து கதவைத் திறந்தாள். அவர் சாப்பாட்டு மேஜையில் கவிழ்ந்து கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. பக்கத்தில் கிண்ணம், அடியில் ஒரு மடக்கு ஆட்டுக்கால் சூப்.

7.30. தம்பி தைரியராஜ் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "காட்டான் மாதிரி தின்னாதண்ணேன்னு சொன்னேனே. நெஞ்சடைச்சுப் போயிட்டாரே." தெருவே தலையாட்டியது.

தில்லை நகர் டாக்டர் ஹபீபுல்லா மட்டும் சர்ட்டிபிகேட் தர மறுத்தார். "போன வியாழக்கிழமைதான் பார்த்தேன். பிரஷர், கொழுப்பு எல்லாம் இறங்கியிருந்தது. வாரம் ரெண்டு தடவை மலைக்கோட்டை ஏறுறவரு. அறுத்துப் பார்க்காம கையெழுத்துப் போடமாட்டேன்."

சனிக்கிழமை காலை 11.00. ரிப்போர்ட் வந்தது. சூப்பில் அரளிக்கொட்டை.

ஸ்டேஷன் பெஞ்சில் மயிலம்மாளை உட்கார வைத்தார்கள். சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதாக ஏற்பாடு. புருஷனில்லாதவள், வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். ஹெட் கான்ஸ்டபிள் சுடலைமுத்து ஐந்தாம் வகுப்போடு நின்றவர். யார் சொல்வதையும் அப்படியே நம்பும் வழக்கம் அவருக்கு இல்லை.

"சூப்பு நீ வச்சதா?"

"இல்லீங்க. திங்கக்கிழமை மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும்தான். சாயங்காலம் அஞ்சரைக்கே கிளம்பிட்டேன்."

"எதெதெல்லாம் தின்னமாட்டாரு?"

"சோறு, இட்லி, உப்பு, பருப்பு, பால், சீனி."

12.30. சுடலைமுத்து அந்த வீட்டு அடுக்களையைப் பார்த்தார். மிளகு, சீரகம், பூண்டு, தேன். அலமாரியில் வேறெதுவும் இல்லை.

1.15. தைரியராஜின் வாடகை வீடு.

"சூப்பு யாரு வச்சதுங்க?"

"அவதான். ஆறு மணிக்கு நான் போனப்ப அடுப்புக்கிட்ட நின்னா."

"அண்ணன் எதையெல்லாம் விட்டிருந்தாரு?"

"சோறு, இட்லி, பருப்பு, பால், சீனி. கூடப்பொறந்தவனுக்குத் தெரியாதா?"

2.00. சுடலைமுத்து லேபுக்குப் போன் போட்டு ஒரே ஒரு விஷயம் கேட்டார். அந்தப் பக்கம் சிரித்துவிட்டு, பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். 3.40க்குப் பதில் வந்தது.

4.00. இன்ஸ்பெக்டர் அறை. தைரியராஜும் இருந்தார்.

"ஐயா, சூப்புல உப்பு இருக்கு," என்றார் சுடலைமுத்து.

"சூப்புல உப்பு இல்லாம?"

"அதான் எல்லாரும் விட்டுட்டோம். அந்த வீட்ல ஒரு கல்லு உப்பு கிடையாது. மயிலம்மா கை ஆறு மாசமா உப்புப் போட்டதில்ல. இது வேற அடுப்புல கொதிச்சது. வச்சவருக்கு அண்ணன் கறி திங்கிறது தெரியும், உப்பை விட்டது தெரியாது. இவரு சொன்ன பட்டியல்லயும் உப்பு இல்ல. உப்பு காணாத நாக்கோட கெடந்த மனுஷன், தம்பி கொண்டாந்ததுன்னு ஆசையாக் குடிச்சிருக்காரு. மிளகும் உப்பும் கசப்பை மறைச்சிடுச்சு."

தைரியராஜ் எழுந்தார். சுடலைமுத்து தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"உங்க கொல்லை அம்மிக்கடியில அரளிக்கொட்டை ஓடு கெடக்குது. ஆள் விட்டுப் பார்த்தாச்சு."

தைரியராஜ் தரையைப் பார்த்துப் பேசினார். "அண்ணன் நெஞ்சு ஒரு வருஷம்தான் தாங்கும்னு போன வருஷம் டாக்டரே சொன்னாருங்க. அவருக்கப்புறம் வீடு எனக்குன்னு எழுதி வச்சிருந்தாரு. அதை நம்பி, வர்ற தை மாசம் வீட்டைத் தர்றேன்னு என் பொண்ணோட மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் குடுத்துட்டேன். இவரு என்னடான்னா மலைக்கோட்டை ஏறுறாரு."

6.10. மயிலம்மாளை விட்டார்கள். வாசலில் டாக்டர் நின்றிருந்தார்.

"பார்த்தீங்களா ஹெட், அந்தச் சாப்பாட்டுல இதயம் தேறினதுதான் அவருக்கு எமனாப் போச்சு. உங்களுக்கும் பிரஷர் இருக்கு. முயற்சி பண்ணலாமே."

"சுருட்டுக் குடிக்கிறதையும் விட்டாரு. படியும் ஏறினாரு. இதுல கறியால தேறினது எது, நடையால தேறினது எது?"

"அவரு மூச்சு வாங்காம நடந்ததை நானே பார்த்தேங்க," என்றாள் மயிலம்மாள்.

"ஆராய்ச்சி பண்ணித்தான் எழுதியிருக்காங்க," என்றார் டாக்டர்.

"கற்கால மனுஷன் கையைப் பிடிச்சு நாடி பார்த்தாங்களா?"

டாக்டர் பையிலிருந்து அந்த அமெரிக்கப் பத்திரிகையை எடுத்துப் பக்கத்தைத் தேடினார். அவர் நிமிர்ந்தபோது சுடலைமுத்து ரோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.