ஊண்சாட்சி

மருத்துவமனைக் கூடத்துச் சுவரில் நூற்றிருபது இதய நோயாளிகளின் பெயர்கள் ஒளிர்ந்தன. உணவுக் கட்டுப்பாட்டை அந்த மாதம் யார் எவ்வளவு காப்பாற்றினார் என்ற மதிப்பெண் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓடியது. யாரும் பொய் சொல்ல வழியில்லை. மேற்கையில் ஒட்டிய காசளவு வில்லை, ஊண்சாட்சி, ரத்தக் கொழுப்பையும் இதயத் துடிப்பையும் தோல் வழியே படித்து மருத்துவமனைக்கு அனுப்பிவிடும்.

"ஆதிலிங்கம் சார், தொண்ணூத்தேழு!" என்றார் உணவு ஆலோசகர் ஷாகிரா.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஆதிலிங்கம் எழுந்து கும்பிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த மதிப்பெண் அவர் மனைவி கனகமணியுடையது.

ஒரு கல்யாண விருந்தில்தான் அது தொடங்கியது. "இன்னிக்கு ஒருநா மட்டும் நீ ஒட்டிக்க" என்று மனைவியிடம் கெஞ்சினார். அடுத்த வாரம் பஜாரில் எண்ணெய்ப் பரோட்டா, அதற்கடுத்து ஈரல் வறுவல். பிறகு வில்லையைத் திரும்ப வாங்கவே இல்லை. அவருக்கென்று அவித்த காய்களைக் கனகமணி சாப்பிட்டாள்.

மார்ச் மாதம் அவர் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. 'இதயத்துக்கு ரத்தம் போதவில்லை. உடனே வரவும்.'

மறுநாள் ஷாகிராவே கூப்பிட்டார். "ஏன் சார் வரலை?"

"நான் நல்லாத்தானம்மா இருக்கேன். மெஷின் தப்பாக் காட்டுது."

உண்மையிலேயே அவர் நன்றாகத்தான் இருந்தார். நான்காம் நாள் மாடிப்படியில் கனகமணி பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "மூச்சு வாங்குதுங்க" என்றாள். அந்த நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் வில்லை யார் கையில் இருந்தது என்று சொல்ல வேண்டும். அந்தக் கைதட்டல் காதில் கேட்டது.

"வாயுவா இருக்கும். சுக்கு போட்டுக் குடி" என்றார்.

அதற்குப் பிறகு ஏழு செய்திகள் வந்தன. பதினோராம் நாள் அடுப்படியில் அவள் சரிந்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஷாகிரா கேட்டார். "சார், அம்மாவுக்கு முன்னாடியே ஏதாவது அறிகுறி தெரிஞ்சுச்சா?"

ஆதிலிங்கம் தன் கைபேசியை நீட்டினார். அதில் அந்த எட்டுச் செய்திகளும் இருந்தன.

"இதெல்லாம் உங்களுக்கு வந்ததுல்ல?"

"இல்லம்மா. அவளுக்கு வந்தது. எனக்குத் தெரியும்."

ஷாகிரா எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட ஆதிலிங்கம் தாங்கியிருப்பார்.

கனகமணி பிழைத்தாள், பாதி செத்துப்போன இதயத் தசையோடு. கண் விழித்ததும் அவள் கேட்டது, "வெளிய தெரிஞ்சுபோச்சா? உங்களுக்குத்தான் அசிங்கம்." அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

அடுத்த கூட்டத்தில் யாரும் கேட்காமலே எழுந்து, நடந்ததைச் சொன்னார். யாராவது சிரிப்பார்கள், ஏசுவார்கள் என்று காத்திருந்தார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷாகிரா அந்த முகங்களைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஒருநாளாவது வில்லையை வேற யாருக்காவது ஒட்டியிருந்தா, நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க. உங்க பேரைக் கேக்கமாட்டோம்."

மறுநாள் காலை பரிசோதனை வரிசை வாசலைத் தாண்டிச் சாலை வரை நின்றது. பெரும்பாலும் மனைவிமார்கள். சில வீட்டு வேலைக்காரப் பெண்கள். வரிசையின் கடைசியில், தொண்ணூற்றைந்து மதிப்பெண் வாங்கிய ஒருவர், பள்ளிச் சீருடையில் இருந்த தன் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.