இமை தூக்கும் விரல்கள்

மதியம் இரண்டு மணிக்கு அவளும் அக்காவும் மருத்துவமனையின் மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தார்கள். நீண்ட நடை, இரு பக்கமும் சாத்திய கதவுகள், மூக்கில் ஏறும் மருந்து நெடி.

"நீ பத்து வயசு குறைஞ்சு வெளியே வந்தேன்னா, என்னை உன் அம்மான்னு நினைச்சுக்கப் போறாங்க" என்று அக்கா சீண்டினாள்.

அவள் பேருக்குச் சிரித்தாள். அழகுக்காக அங்கே வரவில்லை. பதினாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவள். நான்கு வருடம் முன்பு, ஆறு வயது மகளை மூன்று நாள் காய்ச்சல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அவள் முகமே இறங்கிவிட்டது. புருவம் சரிந்தது. மேலிமைத் தோல் மடிந்து கண்மேல் தொங்கியது. போன மாதம் சிவப்பு விளக்கு கண்ணில் படாமலே வண்டியைக் கொண்டுபோனாள். சாலையைக் கடந்த பெரியவர் ஒருவர் மயிரிழையில் தப்பினார். கண்ணைச் சரி செய்துகொண்டு வா என்று பணிமனையில் சொல்லிவிட்டார்கள்.

அறுவை மருத்துவர் அவளை உட்காரவைத்து, ஊதாப் பேனாவால் நெற்றியிலும் இமையிலும் கோடு போட்டார்.

"இமைத் தோலை மட்டும் எடுத்தா புருவம் இன்னும் கீழே வந்துடும்மா. அதான் ரெண்டையும் சேர்த்தே செய்யறோம். முடிக்குள்ள சின்னதா கீறி, புருவத்தை மேலே தூக்கி நிறுத்திடுவேன்."

"முகம் ரொம்ப மாறிடுமா டாக்டர்?"

"தெளிவாகும். அவ்வளவுதான்."

அவளுக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அதை அவள் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

மகள் இருந்தபோது, விடிந்ததும் கட்டிலில் ஏறி, இரண்டு விரலால் அம்மாவின் இமையைத் தூக்குவாள். "கண்ணத் தொறம்மா." இறந்துபோன பிறகும் மகள் அதை நிறுத்தவில்லை. அதே நேரத்தில், அதே இரண்டு விரல்கள் வரும். பனிக்கட்டி போலச் சில்லென்றிருக்கும். கண்ணைத் திறந்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முடிந்தவரை அப்படியே கிடப்பாள். அந்தச் சில நிமிடங்களை வைத்துத்தான் நான்கு வருடத்தை ஓட்டியிருந்தாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு களிம்பைக் கொடுத்தாள். "கொஞ்ச நாளைக்குத் தூங்கும்போது கண்ணு முழுசா மூடாது. பயப்படாதீங்க, போகப் போகச் சரியாயிடும்."

வீட்டில், தலைக்குக் கீழே மூன்று தலையணை வைத்து அவளைப் படுக்கவைத்துவிட்டு, அக்கா பக்கத்திலேயே பாயை விரித்துக்கொண்டாள்.

விடியற்காலையில் அறை திடீரென்று குளிர்ந்தது.

சின்னக் கால்களின் சத்தம்.

கட்டிலின் ஓரம் லேசாக அமுங்கியது. அவள் அசையவில்லை. இமைகளுக்கு நடுவே நூலளவு இடைவெளி. அதன் வழியே சாம்பல் வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு முகம்.

நான்கு வருடத்துக்குப் பிறகு, அவள் தன் மகளைப் பார்த்தாள்.

முன்பல் விழுந்த அதே வாய். காய்ச்சலில் வறண்ட அதே உதடு. விரல்கள் இறங்கி வந்தன. தொங்கும் தோலைத் தேடின. கிடைக்கவில்லை. தையலில் பட்டதும் வெடுக்கென்று பின்வாங்கின. மேலே ஏறிப் புருவத்தைத் தடவின. அதுவும் பழைய இடத்தில் இல்லை.

"நீங்க யாரு?"

"அம்மாடா... அம்மாதான் கண்ணு."

"இல்ல."

குழந்தை கட்டிலை விட்டு இறங்கியது. அலமாரிக் கதவு தானாகத் திறந்தது. கட்டிலுக்கு அடியில் ஏதோ ஊர்ந்தது. குளியலறைக் கதவு ஆடியது.

"அம்மா... அம்மா..."

அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "இது... நம்ம பாப்பா குரல் இல்ல?" என்று கிசுகிசுத்தாள்.

மகள் தினமும் வந்தாள். தினமும் தேடினாள். எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். கண்ணாடியில் அகலக் கண் விழித்த ஒருத்தி நின்றாள். தெருமுனை விளக்குக் கம்பம் அவளுக்கு உச்சிவரை தெரிகிறது என்று அக்கா சந்தோஷப்பட்டாள். அவள் அந்தக் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள்.

மறுநாள் விடியலில் அவள் தயாராகக் காத்திருந்தாள். கால் சத்தம் கேட்டதும் இரண்டு உள்ளங்கைகளாலும் புருவங்களைக் கீழே அழுத்தினாள். ஆறாத தோல் சுரீரென்றது. இமை மடிந்து பழையபடி தொங்கும்வரை அழுத்தினாள். நெற்றியிலிருந்து சூடாக ஏதோ வழிந்தது.

"இப்பப் பாருடா தங்கம். இப்ப அம்மா மாதிரி இருக்கேன்ல?"

குழந்தை வெகுநேரம் பார்த்தது. உதடு பிதுங்கியது.

"எங்கம்மாவை என்ன பண்ணீங்க?"

அவள் கைகளைப் புருவத்திலிருந்து எடுத்தாள். வாசல் பக்கம் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அறை வெதுவெதுப்பாகவே இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். அவள் ஒவ்வொரு விடியலிலும் விழித்துக் கிடந்தாள். மூட மறுத்த இமைகள் மெல்ல மூடப் பழகின. யாரும் வரவில்லை.

வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள். சீருடை போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். நல்ல வெயில். கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தையல்காரம்மா வழிமறித்தாள்.

"உங்க வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்திருக்காங்களா? காலையில ஒரு சின்னப் பொண்ணு கதவைத் தட்டுச்சு. 'எங்கம்மா இங்க இருக்காங்களா'ன்னு கேட்டுது. இல்லம்மான்னேன். என் மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாத்துட்டு, பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு. பாவம், கால்ல செருப்புகூட இல்ல."

அவள் தெருவுக்கு ஓடினாள். இரு பக்கமும் வரிசையாக வீடுகள். எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. குழந்தை மட்டும் எங்கும் இல்லை.

தெருக்கோடியில் யாரோ ஒரு கதவைத் தட்டினார்கள்.

கொஞ்சம் பொறுத்து, இன்னும் தள்ளி, இன்னொரு கதவை.